அன்றிரவே உதவுகிற பதில்
குற்ற வழக்குப் பக்கம் வருகிற இளம் வழக்கறிஞர்களுக்குச் சில அறிவுரைகள்

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு உங்களுக்கு உடனே கிடைக்காது. சீனியரின் கட்டைத் தூக்கிக்கொண்டு, வாய்தா வாங்கிக்கொண்டு சில காலம் ஓடும். ஆனால் பதில் சொல்லும் வேலை, பார் கவுன்சிலில் பதிவு செய்த அன்றே தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், கல்யாணப் பந்தியில் ஒருவர் கேட்பார், நள்ளிரவில் முன்பின் தெரியாத ஒருவர் போனில் அழுதுகொண்டே கேட்பார். அந்தக் கேள்விகளைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு வழக்கு எந்தத் திசையில் போகும் என்பது பல நேரங்களில் அந்த முதல் பதிலிலேயே முடிவாகிவிடுகிறது. கேட்டவர் அன்று இரவே செய்யக்கூடிய ஒரு காரியமாவது உங்கள் பதிலில் இருக்க வேண்டும்.

1. முதலில் காகிதத்தைக் கேளுங்கள்.

"எங்க மேல கேஸ் போட்டுட்டாங்க" என்று வருவார்கள். உடனே சட்டம் பேச ஆரம்பிக்காதீர்கள். "என்ன பேப்பர் கொடுத்தாங்க?" என்று கேட்டு, கையில் வாங்கிப் படியுங்கள். புகார் கொடுத்தவர் வந்தாலும் இதே கேள்விதான். நம் ஊரில் அவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குப் பதிவானதற்கு அத்தாட்சி எஃப்.ஐ.ஆர். மட்டுமே. ரசீதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு, வழக்கு நடக்கிறது என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. அதற்கு மேல் இழுத்தடித்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் 175(3) பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் மனு திரும்பிவிடும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. பிரிவு எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், நீங்களும் பயப்படாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. கொலைக்கு 302 என்று சினிமா பார்த்த குழந்தைக்கும் தெரியும். இப்போது கொலை 103. புதிய தண்டனைச் சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது. மோசடிக்கு 420 போய் 318(4) வந்திருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு. இன்று பி.என்.எஸ்.எஸ்.-இல் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது, ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. சம்பவம் நடந்த தேதி ஜூலை 1-க்கு முன்னா பின்னா என்று பார்த்த பிறகுதான் எந்தத் தண்டனைச் சட்டம் என்று பேச வேண்டும். வந்திருப்பவரிடம் எண்ணைச் சொல்லாமல் குற்றத்தின் பெயரைச் சொல்லுங்கள். "கெட்ட வார்த்தை பேசினது, கையால அடிச்சது, மிரட்டினது, இந்த மூணும் போட்டிருக்காங்க" என்று சொன்னால் மகனுக்காக வந்து நிற்கும் தாய்க்கு மூச்சு வரும்.

3. "ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறாங்க, போகலாமா?"

உங்களிடம் அதிகம் வரப்போகும் கேள்வி இதுதான். "போகாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வீரம் காட்டாதீர்கள். "சும்மா போயிட்டு வாங்க" என்று அலட்சியமாகவும் சொல்லாதீர்கள். யாராக அழைக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். சாட்சியாக என்றால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

சந்தேக நபராக என்றால் 35(3) நோட்டீஸ். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னதன் பிறகு இந்த நோட்டீஸுக்கு உயிர் வந்தது. நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்ய முடியாது. போகாமல் ஒளிந்தால் அந்தப் பாதுகாப்பை நாமே தூக்கி எறிகிறோம். வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் சட்டப்படி நோட்டீஸ் ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அப்படி வந்திருந்தால், நேரில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் கட்டாயம் வருகிறேன் என்று மரியாதையாகப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பதில் பின்னால் முன்ஜாமீன் மனுவில் உதவும்.

போகிறவரிடம் மூன்று விஷயங்களை மனப்பாடமாகச் சொல்லி அனுப்புங்கள். தனியாகப் போகாதே. பெயரையும் முகவரியையும் உண்மையாகச் சொல். எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே. போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பது சட்டம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் சாட்சியமாகாது. ஆனால் அந்த வாக்குமூலத்தை வைத்துக் கத்தியோ நகையோ எடுக்கப்பட்டால், எடுப்பதற்குக் காரணமான பகுதி மட்டும் உள்ளே வந்துவிடும். தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு மௌனமாக இருக்கும் உரிமையை 1978-இல் நந்தினி சத்பதி வழக்கு உறுதிசெய்தது. பயந்துபோன மனிதருக்கு இந்தப் பெயரெல்லாம் வேண்டாம். "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

4. கைது என்று போன் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்.

அழுகிறவரை ஒரு நிமிடம் அழவிட்டு, பிறகு கேளுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டிப் போனார்கள், சாதாரண உடையிலா, எந்த வண்டி, அவருக்கு மாத்திரை ஏதும் உண்டா. எழுதி வையுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. அந்த 24 மணி, ரெக்கார்டில் எழுதும் நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. ஆளைப் பிடித்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்தக் காலத்தில் நாங்கள் தந்தி ஆபீஸுக்கு ஓடுவோம். கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடித்தால், அதில் பதியும் நேரமே பின்னால் சாட்சி பேசும். 2013 ஜூலையோடு தந்தி நின்றுவிட்டது. இன்று அந்த வேலையை ஈமெயில் செய்கிறது. குடும்பத்தாரின் போனிலிருந்தே அப்போதே அனுப்பச் சொல்லுங்கள்.

கைதுக்கான காரணத்தை ஆளுக்குப் புரியும்படி தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025-இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரிமாண்ட் நேரத்தில் இதைத்தான் முதலில் பாருங்கள். பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் லாக்கப்பிலும் வைக்க முடியாது, சிறைக்கும் அனுப்ப முடியாது. பள்ளிச் சான்றிதழை உடனே எடுத்துவரச் சொல்லுங்கள்.

ரிமாண்டை வெறும் சடங்காக நினைக்கிற பழக்கம் நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. அது உங்களுக்குத் தொற்ற வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஒரு தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மாஜிஸ்திரேட் முன் நிற்பதற்குமுன் அந்த மனிதரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். "அடிச்சாங்களா? எங்க வலிக்குது?" என்று கேளுங்கள். வழுக்கி விழுந்ததாகச் சொன்னால், எங்கே, எப்போது என்று திரும்பக் கேளுங்கள். காயம் இருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, அதைப் பதிவு செய்யும்படி நீதிமன்றத்திடம் கேளுங்கள். எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் ஓர் உயிர் இருக்கிறது.

5. "எப்ப ஜாமீன் கிடைக்கும்?"

தேதி சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை வந்துடுவார்" என்று சொல்லிவிட்டீர்கள் என்றால் அந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமை சிறை வாசலில் நிற்கும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமா, இல்லையா என்று சொல்லுங்கள். அடுத்து எந்த நீதிமன்றம் என்று சொல்லுங்கள். ஜாமீன் உத்தரவு ஒன்று, ஆள் வெளியே வருவது இன்னொன்று என்பதை விளக்குங்கள். இரண்டு ஷூரிட்டி, அவர்களுடைய ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று என்னவெல்லாம் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வாடகைக்கு வரும் ஷூரிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பவே வேண்டாம். ஷூரிட்டி கொடுக்க வழியில்லாமல் ஒரு மாதம் உள்ளேயே இருந்தால், நிபந்தனையை மாற்றுவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஏழைகளுக்கு இதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனை கொத்தனார் ஒருவரின் ஒரு நாள் கூலியையே தின்றுவிடும். தளர்த்தக் கேட்டு மனுப் போடுவதற்கு அவர் வந்து கெஞ்சும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, நாளை எண்ணுங்கள். அறுபது நாளுக்குள், பெரிய குற்றங்களில் தொண்ணூறு நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது 2023 தீர்ப்பு. ஆனால் நாம் மனுப் போடாவிட்டால் அந்த உரிமை தானாக வராது. அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் போயே போய்விடும். சென்னையிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில், கெடு முடிந்ததும் ஜாமீன் மனு போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அரசுத் தரப்பு தன் காகிதத்தைத் தாக்கல் செய்தது. உரிமை பறிபோகவில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் டைரியில் ஒவ்வொரு கட்சிக்காரர் பெயருக்கும் நேரே அந்தக் கெடு நாள் சிவப்பு மையில் இருக்கட்டும்.

6. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாமா சார்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவசரப் பதில் அதிகம் போகிறது. கல்லூரிப் பையன், பேருந்து நிறுத்தத்தில் ஒரு சண்டை, அபராதம் சில ஆயிரம். வாய்தாவுக்கு அலைவதைவிட இது மேல் என்று பெற்றோருக்குத் தோன்றும். கட்டிவிடுங்கள் என்று சொல்வது நமக்கும் சுலபம். சொல்வதற்குமுன் அந்தப் பையன் என்ன படிக்கிறான், என்ன வேலைக்குப் போக நினைக்கிறான் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்வது தண்டனைதான், அபராதம் சிறியது என்பதால் தண்டனை என்ற பெயர் மாறாது.

தமிழ்நாடு காவல் பணிக்கான விதிகள் இன்னும் கடுமையானவை. சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவரைக்கூட, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அவற்றில் ஒரு விதி. 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறி, எழுத்துத் தேர்விலும் தேறி, சரிபார்ப்பில் விழுந்த கிராமத்துப் பிள்ளைகளைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு வழக்கு இருந்ததை மறைத்ததுதான் பெரிய குற்றமாகிவிட்டது. அதனால் விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். பொய் வழக்கு என்றால் நடத்துங்கள். ரத்து மனுவுக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். சமாதானம் ஆகக்கூடியது என்றால் முறைப்படி நீதிமன்றத்தில் முடியுங்கள். ஃபைன் கட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். அதிலும் விளைவைச் சொல்லி, அவரே தீர்மானித்ததாக இருக்கட்டும்.

7. செக் ரிட்டர்ன் என்று வந்தால் தேதி மட்டும்தான் பேச்சு.

ரிட்டர்ன் மெமோ கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். கையெழுத்துப் போட்ட வெற்று செக்கைக் கொடுத்தவர்கள், "நான் தொகையே எழுதலையே" என்று நம்பிக்கையோடு வருவார்கள். அது மட்டும் காப்பாற்றாது, சட்டத்தின் அனுமானம் செக்கை வைத்திருப்பவர் பக்கம் என்று 2019-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நேராகச் சொல்லிவிடுங்கள்.

8. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது.

வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு யாராவது மிரட்டினால் அது மோசடி, போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த போன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. உங்களிடம் விளக்கம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

9. பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுங்கள்.

உங்கள் ஃபீஸ் இவ்வளவு, நீதிமன்றச் செலவு இவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லி ரசீது கொடுங்கள். நீதிபதி பெயரையோ இன்ஸ்பெக்டர் பெயரையோ சொல்லி ஒரு ரூபாய் வாங்குபவரோடு ஒரே அறையில் உட்காராதீர்கள். வசதி இல்லாதவரிடம் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. கட்சிக்காரரை இழந்துவிடுவோமே என்று இதை மறைப்பவரைப் பார்த்திருக்கிறேன். அது பாவம்.

10. யார் உங்கள் கட்சிக்காரர் என்பதை மறக்காதீர்கள்.

ஃபீஸ் கொடுப்பவர் அப்பாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் உள்ளே இருப்பவர்தான். அவர் உங்களிடம் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே காவல் நிற்கிறது. "நிஜமா அவன்தான் செஞ்சானா தம்பி?" என்று அவருடைய அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். பதில் தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, மனுப் போட்டு எந்த நாளில் அவர் மகனைப் பார்க்கலாம் என்று சொல்லி, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.