பேரீச்சங்கொட்டையும் தைத்தேனியப் பல்லும்

கடந்த நோன்பில் ஒருநாள், இஃப்தார் வேளையில், எங்கள் உம்மும்மா பேரீச்சம்பழத்தோடு கொட்டையையும் சேர்த்துக் கடித்துவிட்டார். "டக்" என்ற சத்தம் எங்களுக்கும் கேட்டது. வலித்ததா என்றால் "இல்லையே புள்ள" என்கிறார். மறுநாள் அந்தக் கடைவாய்ப்பல் ஆடியது. அது தாடை எலும்பினுள் செலுத்திய தைத்தேனிய உள்வைப்பின் மேல் பொருத்திய பல்.

அந்த உலோகம் அவ்வளவு பலவீனமானதா? கணக்கிட்டுப் பார்த்தேன். 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள திண்மக் கோலொன்றின் மீது 200 நியூற்றன் விசை நேர் கீழாகத் தாக்கினால் தகைப்பு ஏறத்தாழ 16 மெகா பஸ்கால்தான். தைத்தேனியம் இதனைப் போல் பல மடங்கு தாங்கும். ஆனால் அதிற் பாதி, 100 நியூற்றன், 10 மில்லிமீற்றர் உயரத்தில் பக்கவாட்டாகத் தாக்கினால்? வளைவுக்கான சூத்திரம் நமது பாடத்திட்டத்தில் இல்லை, தேடி எடுத்தேன். விடை ஏறத்தாழ 160 மெகா பஸ்கால்! விசை பாதி, தகைப்பு பத்து மடங்கு. உண்மையான உள்வைப்பு திண்மக் கோலுமல்ல; அதன் நடுவில் மேற்பல்லை இறுக்கும் சிறிய திருகாணி இருக்கிறது. இறுக்கும்போது சற்று நீண்டு, இழுபட்ட விற்சுருள் போல அது பல்லைப் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டு விசைகள் அந்த இழுவையைத் தளர்த்திவிடும். உம்மும்மாவுக்கு நடந்ததும் அதுவே.

வலிக்காததற்குக் காரணம் வேறு. இயற்கைப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்பான நார்ப்படையொன்றிலே தொங்குகிறது. அப்படையிலுள்ள நரம்புகள் "கொட்டை!" என்று அறிவித்ததும் தாடை தானாகவே திறக்கும். உள்வைப்புக்கு அந்த மெத்தையில்லை. 1952இல் சுவீடன் ஆய்வாளர் பிரனெமார்க் முயலின் கால் எலும்பில் பொருத்திய தைத்தேனியக் கருவியைக் கழற்ற முடியாமற் போனதிலிருந்துதான் இவ்வுலோகத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைவதை அவர் கண்டுகொண்டார். 1965இல் முதலாவது நோயாளிக்குப் பல் பொருத்தினார். அந்த உறுதியான பிணைப்பே விசையை மெத்தையின்றி எலும்புக்குக் கடத்துகிறது.

தைத்தேனியத்தின் யங்கின் மட்டு ஏறத்தாழ 110 கிகா பஸ்கால். தாடையின் இறுக்கமான எலும்புக்கு 15 முதல் 20 வரை. ஆகவே ஒரே சுமைக்கு எலும்பு கூடுதலாக விகாரப்படும். தகைப்பு உள்வைப்பின் கழுத்தைச் சூழ்ந்த எலும்பிற் குவியும். வெண்ணிறத்தால் அழகான சிர்க்கோனியாவின் மட்டு ஏறத்தாழ 200. அது இன்னும் விறைப்பானது, உலோகம் போல வளைந்து கொடுக்காமல் முறியக்கூடியது. எனக்கென்றால் சாம்பல் நிறமே போதும்.

பல் வைத்தியர் திருகாணியை மீண்டும் இறுக்கினார். பல்லின் மேடுகளையும் சற்றுத் தேய்த்துவிட்டார். மேடு தட்டையானால் பக்கவாட்டு விசை குறையும். அத்துடன், அழுத்திக் கடிக்கும்போது அயற்பற்கள் மெத்தையிற் சற்று அமிழும், உள்வைப்பு அமிழாது. அதனால் அது ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டுமாம்.

இப்போதெல்லாம் உம்மா கொட்டையை எடுத்துவிட்டே பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைக்கிறார்.