கடைசியில் கூப்பிட்ட பெயர்

நந்திதுர்க்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தி மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதில் பாதி நேரம் நீ பெருமூச்சு விட்டதுதான் கேட்டது. மீதியில் இருந்த விஷயம் இவ்வளவு: ஹாக்கி லீக் ஏலத்தில் உன் பெயரை எல்லாரும் எழுந்து காபி குடிக்கப் போகிற நேரத்தில் கூப்பிட்டார்கள். அடிப்படை விலை 2 லட்சத்துக்கு மேல் ஒரு கை உயரவில்லை. உன் இடத்தில் ஆட ஏற்கெனவே இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். "போகட்டுமா மாமா, இல்ல பேசாம ரயில்வேக்கு எழுதிப் போட்டுடவா?"

போனில் பதில் சொன்னால் நடுவில் பேசுவாய். அதனால் கடிதம். இங்கே மழை, கரண்டும் இல்லை. எனக்கு வேறு வேலையும் இல்லை, எனவே நீளமாகத்தான் இருக்கும். முழுதாகப் படி.

முதலில் அந்த 78 லட்சத்தை மறந்துவிடு. ஹர்மன்பிரீத் சிங்குக்கு அந்த விலை போனதென்று உன் அம்மாவிடம் நான்கு தடவை சொன்னாயாம். அவர் பாரிஸில் பத்து கோல் போட்டுவிட்டு வந்தவர். நீ போன மாதம் வரை ஷூவுக்கு ஒட்டுப் போட்டவன். உன்னை யார் அவர் பக்கத்தில் நிறுத்தியது? நீயேதான் போய் நின்றுகொண்டாய்.

அடுத்து என்ன சொல்வாய் என்று தெரியும். "ஒரு அணியில 24 பேர். 16 பேர் இந்தியர், அதுல நாலு பேர் ஜூனியர் இருந்தே ஆகணும்னு விதி. அந்தக் கணக்குக்காகத்தான் என்னை எடுத்தாங்க." சரி, கணக்குக்குத்தான் எடுத்தார்கள் என்றே வைத்துக்கொள். உன் தாத்தாவை நம் ஊர்த் தங்க மைனில் எப்படி எடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? ஷிஃப்டுக்கு ஆள் குறைகிறதென்று வாசலில் நின்றவர்களில் நாலு பேரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அந்தக் கணக்கு ஆள் 31 வருஷம் பூமிக்குள் இறங்கினார். எதற்காக எடுத்தார்கள் என்பதை உள்ளே போன பிறகு யாரும் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் டொராண்டோவில் சின்னவள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன் அல்லவா? அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். நம்முடையதை ‘ஃபீல்ட் ஹாக்கி’ என்று அடைமொழி போட்டுச் சொல்கிறார்கள், ஏதோ நாம்தான் காப்பியடித்த மாதிரி. முதல் பத்து நாள் அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறதென்றே எனக்குத் தெரியவில்லை. கோல் விழுந்ததும் விளக்கு எரியும், அதைப் பார்த்துத்தான் கை தட்டுவேன். பிறகு பழக்கதோஷம், நான் பழைய ஃபுல்பேக் ஆயிற்றே, தடுப்பாட்டக்காரர்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். அப்போது பேரன் சொன்ன ஒரு கதை உனக்காகவே இருக்கிறது.

அங்கே ஏலம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை என்.எச்.எல். என்கிற பெரிய லீக்கின் அணிகள் வரிசையாகப் பையன்களின் பெயரைக் கூப்பிடும். இப்போது ஏழு சுற்று, 224 பெயர். முன்பு இன்னும் நீளம். 1993இல் 11 சுற்றில் 286 பேரைக் கூப்பிட்டார்கள். அதில் 250வது பெயர் கிம்மோ டிமொனென், பின்லாந்தில் கூவோபியோ என்ற ஊர்ப் பையன். தடுப்பாட்டக்காரன், உயரம் 5 அடி 10 அங்குலம். அந்த ஆட்டத்தில் அவனிடத்தில் நிற்பவர்கள் கதவு மாதிரி இருப்பார்கள், இவன் ஜன்னல். எடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு அவன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஐந்து வருஷம் பின்லாந்திலேயே ஆடினான். 1998இல் நாஷ்வில்லில் புது அணி தொடங்கியபோது, பழைய அணிகளிலிருந்து சில ஆட்களை எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்குத் தங்கள் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை இழக்க மனமில்லை. "அவரை விட்டுவிடுங்கள், பதிலுக்கு இந்த இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிட்ட இருவரில் டிமொனென் ஒருவன். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொடுப்பார்களே, அப்படி.

அந்தக் கறிவேப்பிலை முதல் வருஷம் மில்வாக்கியில் இரண்டாம் நிலை லீக்கில் 29 ஆட்டம் ஆடிவிட்டு மேலே வந்தது. என்.எச்.எல்.லில் மொத்தம் 1,108 ஆட்டம். ஒலிம்பிக்கில் நான்கு பதக்கம். நாற்பது வயதில், நுரையீரலிலும் காலிலும் ரத்தம் கட்டி ஆட்டமே முடிந்தது என்று எல்லாரும் சொன்ன பிறகு, 2015இல் சிகாகோ அணியில் நின்று ஸ்டான்லி கோப்பையை வென்றார். கேப்டன் கோப்பையை வாங்கித் திரும்பி முதலில் யார் கையில் கொடுத்தார் தெரியுமா? அவர் கையில்தான். (இவ்வளவு நேரம் ‘அவன்’ என்று எழுதியவன் இங்கே ‘அவர்’ ஆக்கிவிட்டேன், கவனித்தாயா?)

"அது ஐஸ், இது டர்ஃப், அது வேற இது வேற" என்பாய். வேறுதான். ஆனால் இரண்டிலும் தடுப்பாட்டக்காரன் தாமதமாகத்தான் பழுப்பான். ஃபார்வர்டுக்குக் கால் வேகம் போதும், பதினெட்டு வயதில் அது இருக்கும். உனக்கு வேண்டியது அடி வாங்கிய அனுபவம். அதைக் கடையில் வாங்க முடியாது. நூறு பேர் உன்னைத் தாண்டிப் போக வேண்டும், அதில் எண்பது பேர் எப்படிப் போனார்கள் என்று உனக்கு நினைவிருக்க வேண்டும். ஐரோப்பியப் பையன்களை அங்கே கடைசிச் சுற்றில் எடுப்பவர்கள் இது தெரிந்தே எடுக்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டுவிட்டு, "ஊரிலேயே பெரியவர்களோடு ஆடு, நாலு வருஷம் கழித்துப் பார்ப்போம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த நாலு வருஷமும் யார் கண்ணும் பையன் மேல் இருக்காது. அது எவ்வளவு பெரிய வசதி என்று 78 லட்சக்காரரைக் கேட்டால் சொல்வார்.

இன்னொன்று. பதினாறு வயதில் உன்னை முன்வரிசையிலிருந்து ரைட் பேக்குக்குத் தள்ளியபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை நீ. ஸ்வீடனில் யொனாத்தன் எரிக்சன் என்றொருவர். அவரும் முன்வரிசையில் ஆடிப் பின்னால் வந்தவர்தான். 2002இல் 291வது பெயர். பட்டியலே அதோடு முடிந்தது. அதற்குப் பின்னால் விளக்கணைக்கிற ஆள்தான். டெட்ராய்ட் அணிக்கு மட்டும் 600 ஆட்டத்துக்கு மேல் ஆடினார்.

உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. அந்தக் கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனவர்கள். அவர்களைப் பற்றி டொராண்டோ டி.வி.யில் யாரும் பேசுவதில்லை. ஆகவே ரயில்வேக்கும் எழுதிப் போடு. இதில் என்ன முரண்பாடு? மைன் 2001 பிப்ரவரி 28 அன்று மூடினது. மறு மாதமே நான் மாரிக்குப்பம் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன். பதினாறு வருஷம் போய் வந்தேன். கையில் ஒரு வேலை இருப்பவன் பயப்படாமல் ஆடுவான். சுவிட்சர்லாந்தின் மார்க் ஸ்ட்ரைட் ஒரு வருஷம் அமெரிக்காவின் கீழ் லீக்குகளில் சுற்றிப் பார்த்தார், நடக்கவில்லை, ஊருக்கே திரும்பி ஆடினார். அவரை 26 வயதில், 262வது ஆளாக, மான்ட்ரியால் எடுத்தது. பின்னால் இடமில்லாத நாளில் முன்வரிசையில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். பிறகு வேறொரு அணிக்கு கேப்டனாகவே ஆனார். உன்னை மாதிரி "என் இடம் இது இல்லையே" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது நீ செய்யப்போகிற தவறுகளுக்கு வருகிறேன். ஜோசியம் எல்லாம் இல்லை. நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தவன்.

முதலாவது பெஞ்ச். எண்பதுகளில் ஒரு அணியில் என்னை ரிசர்வாகக் கூட்டிப் போனார்கள். எந்த அணி என்று கேட்காதே. "எப்படியும் இறக்கமாட்டான்" என்று கோபத்தில் ஓரமாக உட்கார்ந்து ஐந்து வாழைப்பழம் தின்றேன். உடம்பைச் சூடேற்றவில்லை, ஷூ லேஸ்கூடக் கட்டவில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் லெஃப்ட் பேக்குக்குக் கால் பிசகியது. கூப்பிட்டார்கள். எட்டாவது நிமிடம் ஒரு பந்துக்குக் காலை நீட்டினேன், தொடையில் ‘சுருக்’கென்றது. என்னையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். அதற்குப் பிறகு என்னை யாரும் எங்கும் கூட்டிப் போகவில்லை. கோச்சைத் திட்டிக்கொண்டு பத்து வருஷம் திரிந்தேன். திட்ட வேண்டிய ஆள் வாழைப்பழத் தோலோடு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது, கண்ணில் பட வேண்டும் என்கிற ஆசை. அந்த டிராக் ஃபிளிக் வீடியோக்களைப் போனிலிருந்து கொஞ்ச நாள் எடுத்துவிடு. உன்னை அதற்கு எடுக்கவில்லை. அணியில் அதற்கென்றே ஹாலந்துக்காரர் ஒருவர் வருகிறார் என்றாயே. உனக்குக் கிடைக்கக்கூடியது அதற்கு நேர் எதிரான வேலை. பெனால்டி கார்னரில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கோல் கோட்டிலிருந்து பந்தைப் பார்த்தே ஓடுகிறானே முதல் ஆள், அந்த வேலைக்கு வரிசையில் நிற்பவர்கள் குறைவு. அமித் ரோகிதாஸ் அதைச் செய்தே பெயர் எடுத்தவர்.

ரோகிதாஸைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும்? சுந்தர்கர் மாவட்டத்தில் சௌனாமரா என்ற கிராமம், திலீப் திர்க்கி பிறந்த அதே ஊர். ரூர்கேலாவில் பான்போஷ் விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். 2013இல் இந்திய அணிக்கு ஆடினார். பிறகு விட்டுவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டது 2017இல்தான். இடையில் என்ன செய்தார் என்று எந்தப் பேப்பரும் பக்கம் பக்கமாக எழுதவில்லை. ஆடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். டோக்கியோவில் பதக்கம், பாரிஸில் பதக்கம். இப்போது தமிழ்நாட்டு அணிக்கு ஆட எடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 28 அன்று லீக் தொடங்குவது அந்த ரூர்கேலாவில்தான். கிட்டப் போய் நில். செல்ஃபி எடுக்க வேண்டாம், பயிற்சியில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்.

அவரிடமிருந்து படிக்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. பாரிஸ் காலிறுதி, பிரிட்டனோடு. 17வது நிமிடம் ஸ்டிக் எதிராளி முகத்தில் பட்டு அவருக்குச் சிவப்பு அட்டை. வேண்டுமென்று செய்தாரா என்று நம் ஊர் டீக்கடையில் இன்னும் வழக்கு நடக்கிறது. இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. மீதி ஆட்டத்தைப் பத்துப் பேர் தாங்கி, ஷூட்-அவுட்டில் ஜெயித்தார்கள். ஆனால் அரையிறுதியில் அவர் உட்கார வேண்டியதாயிற்று. ஜெர்மனியிடம் 2-3. அத்தனை நிதானமான ஆளுக்கே ஸ்டிக் ஒரு முழம் உயர்ந்தால் இந்தக் கதி. உனக்கு மூக்கு நுனியில் கோபம். பந்து போன பிறகு பின்னாலிருந்து ஸ்டிக்கை வீசுகிற பழக்கத்தை மறைக்காதே, போன தீபாவளிக்கு நம் மண் மைதானத்தில் சின்னப் பையன்களோடு ஆடும்போதே பார்த்தேன்.

மூன்றாவது, அவசரம். உன் தாத்தா டிம்பர்மேன். பாறை இறங்காமல் முட்டுக் கொடுக்கிற வேலை. கீழே போனதும் முட்டுக்கட்டையைத் தொடமாட்டார். நீளக் கடப்பாரையால் தலைக்கு மேல் பாறையைத் தட்டுவார். ‘கணீர்’ என்றால் கெட்டி. ‘பொத்’ என்றால் உள்ளே பிளந்திருக்கிறது. தட்டும்போது கால் இரண்டும் ஓடுவதற்குத் தயாராக இருக்குமாம். என்னையும் ஒரு நாள் பக்கத்தில் நிறுத்தித் தட்டச் சொன்னார். எனக்கு எல்லாமே ஒரே சத்தமாகக் கேட்டது. "கேக்கலன்னா இன்னும் தட்டு" என்றார், அவ்வளவுதான்.

ஃபார்வர்டு பந்தோடு வருகிறான். நீ உடனே பாய்கிறாய், அவன் உன் இடது பக்கமாக நழுவிப் போய்விடுகிறான். ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஸ்டிக்கைத் தரையில் வை. உடம்பால் இடது பக்கத்தை அடைத்துக்கொள். வலது பக்கம் கதவைத் திறந்து வை, அங்கேதான் உன் ஸ்டிக் இருக்கிறது, அதற்கப்பால் கோடு இருக்கிறது. பிறகு லேசாகக் குத்துவது போல ஸ்டிக்கை நீட்டி இழு. பந்தை எடுக்க அல்ல, தட்டிப் பார்க்க. அவன் தலை குனிந்தால் உள்ளே பொத்தல்தான், அப்போது எடு. தலை நிமிர்ந்தே இருந்தால் பின்வாங்கிக்கொண்டே போ. வேடிக்கை பார்க்கிறவனுக்கு நீ ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும்.

உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். அவளுக்குக் கவலை 2 லட்சமும் இல்லை, பெஞ்சும் இல்லை. ரூர்கேலாவில் டிசம்பரில் குளிருமாம், ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்கிறாள். என்னுடைய டொராண்டோ ஸ்வெட்டர் சும்மாதான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆட்டுக்கால் சூப் உண்டு.

ஒரு வேலை தருகிறேன். அந்த ஹாலந்துக்காரரைப் பெஞ்சிலிருந்து பார்க்கும்போது, எதிராளி தாண்ட வருகிற சமயம் அவர் இடது காலை எப்போது நகர்த்துகிறார் என்று கவனி. பந்து கிட்ட வருவதற்கு முன்பா, வந்த பிறகா? டி.வி.யில் கேமரா பந்தோடு ஓடிவிடுகிறது, காலைக் காட்ட மாட்டேன் என்கிறது. பார்த்து எழுது. நாற்பது வருஷமாக எனக்கு அது சரியாக வந்ததில்லை.

அன்புடன்,
உன் மாமா