வீகோஸ் பண்ணையின் விதைக் கடன்

வெளியிலிருந்து வரும் படித்தவர், ஊராருக்கு எவ்வளவு தூரம் உதவலாம்? இக்கேள்விக்குப் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையிலுள்ள வீகோஸ் பண்ணையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்பண்ணை அக்காலத்தில் ஹுவராஸ் நகரத் தரும ஸ்தாபனத்துக்கு உரியதாயிருந்தது. குத்தகை எடுத்தவரே எசமானர். கெச்சுவா மொழி பேசும் குடிகள், தமக்கு விடப்பட்ட துண்டு நிலத்துக்கு ஈடாக, குடும்பத்துக்கு ஒருவராக வாரம் மூன்று நாள் பண்ணையில் உழைத்தனர். எசமானர் வீட்டுச் சமையலுக்கும் குதிரை லாயத்துக்கும் கூலியின்றி முறைவைத்துச் சென்றனர்.

1952-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மானிடவியல் துறையினர், பெரு நாட்டுப் பழங்குடி நல நிலையத்துடன் சேர்ந்து பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தனர். பேராசிரியர் ஆலன் ஹோம்பர்க் தலைமை வகித்தார். முன்னரே அங்குத் தங்கி ஆராய்ந்திருந்த பெரு நாட்டவர் மாரியோ வாஸ்கெஸ் உடனிருந்தார். ஆராய வந்தவரே எசமானரானது விசித்திரந்தான்.

கூலியில்லா ஊழியம் உடனே நீங்கிற்று. மூன்று நாள் உழைப்பு ஒரே நாளில் ஒழியவில்லை. ஆயினும் அதன் வருவாய் ஊருக்கே திரும்பிற்று. நோயால் உருளைக்கிழங்குப் பயிர் நாசமாகியிருந்த காலம் அது. நல்ல விதையும் உரமும் பூச்சிமருந்தும் கடனாகத் தரப்பட்டன. எசமானர் கையால் வருவதை ஐயுற்றே பழகியவர்களாதலால், முதலில் சிலரே முன்வந்தனர். அவர்கள் வயலில் விளைந்ததைக் கண்ட பின்னரே ஏனையோர் வந்தனர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வேலை ஏவுவதற்காகப் பழைய எசமானர் கூட்டிய வாரக் கூட்டத்தைத் துறையினர் கலைக்கவில்லை. ஊர்க் காரியங்களை விவாதிக்கும் இடமாக அதனையே மாற்றினர். நம் போன்ற இன்ஸ்பெக்டர்கள் இவ்விடத்தில் தலைகுனிய வேண்டும். ஒரு நெசவாளர் சங்கத்துக்கு எந்த நம்பர் நூல் வாங்குவதென்பதை ஒரு சமயம் நாமே தீர்மானித்து, மினிட் புத்தகத்தில் அங்கத்தினர்களின் கையொப்பத்தை மட்டும் வாங்கினோம். நூல் கட்டுகள் கிடங்கிலேயே கிடந்தன.

வீகோஸில் 1957 வாக்கில் நிர்வாகம், குடிகள் தேர்ந்தெடுத்த பத்துப் பிரதிநிதிகளிடம் சென்றது. 1962-இல், கிழங்கு விற்ற சேமிப்பும் அரசாங்கக் கடனுங்கொண்டு நிலத்தை அவர்களே விலைக்கு வாங்கினர்.

குறையும் உண்டு. ஆடவருக்குக் கிடைத்த பயிற்சியும் பதவியும் பெண்டிருக்குக் கிட்டவில்லை. ஊராரின் சொந்த முயற்சி பல்கலைக்கழக ஏடுகளில் சிறுத்துவிட்டதாகப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் சங்கத்து மினிட் புத்தகத்தைத் திறந்து, சென்ற ஆண்டின் தீர்மானங்களில் அங்கத்தினர் தாமே கொணர்ந்தவை எத்தனை, நாம் எழுதிவந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.