கோலா பிலாவிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு: ஓர் அறிமுகம்

கல்வியே நம் சமுதாயத்தை உயர்த்தும் ஏணி என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த ஏணி எங்கே சாத்தி வைக்கப்பட்டுள்ளது, அதன் முதற்படி எது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. நாட்டின் மூத்த பல்கலைக்கழகமான மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பற்றி, நெகிரி செம்பிலானின் கோலா பிலா வட்டார மாணவர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நுழையும் வழிகள்

சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் மலைச்சாலை வழியாகச் சென்றால் கோலா பிலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிறிய நகரமே ஆயினும் அவ்வட்டாரத்தில் இரண்டு உயர்கல்வி நிலையங்கள் உள்ளன. ஒன்று, மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம். மாணவர் எண்ணிக்கையில் நாட்டின் மிகப் பெரிய பொதுப் பல்கலைக்கழகம் அதுவே. ஆனால், அதன் டிப்ளோமா, இளங்கலைப் படிப்புகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியவை. மற்றொன்று, நெகிரி செம்பிலான் மெட்ரிகுலேஷன் கல்லூரி. இதன் கதவு நமக்கும் திறந்தே இருக்கிறது. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்த அளவு தேர்ச்சி பெறாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதலாம், 2012 முதல் இது மூன்று பருவங்களாக நடைபெறுகிறது. பல்கலைக்கழகத் தேர்வில் 90 விழுக்காடு கல்வி அடைவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. ஆகவே, திடலையும் கழகங்களையும் ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை மட்டும் கட்டிக்கொள்வது சரியன்று.

பல்கலைக்கழகத்தின் தோற்றம்

ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1959-இல் கோலாலம்பூரில் அதன் பிரிவு தனி நிர்வாகம் பெற்றது. 1962 ஜனவரி 1-ஆம் நாள் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. துங்கு அப்துல் ரஹ்மான் அதன் முதல் வேந்தர்.

இப்பல்கலைக்கழகத்திற்கும் தோட்டத்திற்கும் பழைய உறவு உண்டு. 1950-களில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இந்தத் தோட்டத் துண்டாடலை இப்பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் 1968 முதல் 1988 வரை துணைவேந்தராக இருந்தவரும் அவரே.

தமிழ் பெற்ற இடம்

இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அத்துறையில் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரவேண்டும் என்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி பரிந்துரைத்திருந்தார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் எழுப்பி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திட்டத்தை நடத்தினார். எளிய மக்கள் தங்கள் உழைப்பிலிருந்து கொடுத்தார்கள். தமிழே துறையின் முதன்மை மொழியானது.

1961-இல் தனிநாயக அடிகள் துறைத்தலைவராக வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 1969-இல் இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் விரிவான பட்டியல் வெளியிட்டார். இன்று இந்திய ஆய்வியல் துறையோடு மொழி, மொழியியல் புலத்திலும் தமிழ் பயிலலாம்.

வளாக வாழ்க்கை

சிரம்பானிலிருந்து கொமுட்டர் இரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, கிளானா ஜெயா தடத்தில் ஏறினால் 'யுனிவர்சிட்டி' நிலையத்தில் இறங்கலாம். பாடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடைபெறும். தங்கும் கல்லூரிகளில் பல இன மாணவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். வளாகத்தின் நடுவே ஏரி; 1974-இல் தொடங்கிய 'ரிம்பா இல்மு' தாவரப் பூங்கா ஏறத்தாழ 80 ஹெக்டர் பரப்புடையது. பால்மரக் காட்டிலும் செம்பனை நிழலிலும் வளர்ந்தவர்களுக்கு அங்கே அந்நிய உணர்வு தோன்றாது.

தோன்றுவது வேறொரு தயக்கம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் பயிற்றி வகுப்பில் வாய் திறக்க அஞ்சுகின்றனர். விரிவுரைஞரை அறையில் சென்று சந்திப்பதும், நூலகத்தை நாள்தோறும் பயன்படுத்துவதும், மூத்த மாணவர்களின் துணையை நாடுவதும் இதற்கு மருந்து. அத்துணையைத் தருவதற்கே தமிழ்ப் பேரவை இருக்கிறது. அதன் சிறுகதைப் போட்டியில் எழுதிப் பழகியவர் பலர்.

மாணவர்களே! தோட்டங்கள் வேகமாக மறைந்து வருகின்றன. லயத்து வீடுகளும் கோயில் திருவிழாக்களும் பால்வெட்டு அனுபவங்களும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. உங்கு அசிஸ் வெளியிலிருந்து வந்து ஆராய்ந்தார். கோலா பிலாவின் கதையை உள்ளிருந்து எழுத வேண்டியவர்கள் நீங்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசி, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆய்வேடு அங்கிருந்து தொடங்கட்டும்!