மயக்க ஊசியால் மூளை மழுங்காது

திருவேட்டக்குடி, மண்டபத்தூர், காளிக்குப்பம் கிராமங்கள் பக்கமிருந்து வாய் நிறையச் சொத்தைப் பல்லோடு நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டி வருவார்கள். "முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே தடவையில் சரி செய்துவிடலாம்" என்றதும் தாயின் முகம் மாறிவிடும். "மயக்க ஊசி போட்டா புள்ள மந்தமாயிடுமாமே டாக்டர்? படிப்பே ஏறாதாமே?" யார் சொன்னது என்றால் வாட்ஸ்அப். மயக்க மருத்துவம் பார்க்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

இந்தப் புரளி கிளம்பிய இடம் உண்டு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து 7 நாளான எலிக்குஞ்சுகளுக்கு 6 மணி நேரம் மயக்க மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது மூளைச் செல்கள் அழிந்தன. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்தது: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று. ஒரே ஒரு முறை, குறைந்த நேரம் என்றால் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றும் அதே அறிவிப்பு சொன்னது. அந்த வரியை எவரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

எலியை விடுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள். 7 நாடுகளில் குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு மரத்துப்போக முதுகில் ஊசி மட்டும். 5 வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள், வித்தியாசம் இல்லை. 2019-இல் லான்செட் இதழில் வந்தது இது. அங்கே மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு உள்ளேதான், பல் வேலைக்கு அதைவிடக் கூடுதலாகுமே என்பீர்கள். 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில் 105 ஜோடி உடன்பிறப்புகள். ஒருவர் 3 வயதுக்குள் மயக்கம் பெற்றவர், மற்றவர் பெறாதவர். மயக்க நேரம் 20 முதல் 240 நிமிடம். அங்கேயும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை.

பயப்பட வேண்டியது மூச்சுக்கு. காலை அறுவை என்றால் விடிகாலையில், "பச்சப் புள்ள பசி தாங்குமா" என்று அப்பாயி ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடுவார். நாங்கள் கேட்டால் "தண்ணிகூடக் குடிக்கல" என்பார். மயக்கத்தில் அந்தப் பால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்கத்துக்கு முன் எதுவும் கொடுக்கக் கூடாத நேரம் இது: சாப்பாடு, பசும்பால் என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. சளி, இருமலையும் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

பல்லைப் பார்க்கிறவரே மயக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையின் மூச்சை மட்டுமே கவனிக்கத் தனியாக ஒரு மயக்க மருத்துவர் வேண்டும். இங்கிலாந்தில் 2002 முதல் பல் வைத்தியத்துக்கு முழு மயக்கம் ஆஸ்பத்திரியில் மட்டும்தான். சிரிப்பு வாயு வேறு சங்கதி, அது முழு மயக்கம் இல்லை. பிள்ளை விழித்திருக்கும், பேசும்.

இன்னொரு புரளி, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமாம். போகாது; பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்பார்கள். கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. அதுவரை பிள்ளை எதை வைத்து மெல்லும்? மயக்கம் எதற்கு, நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தால் போதும் என்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அப்படிப் பிடிபட்ட பிள்ளை அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே அலறும்.

இவ்வளவுக்கும் காரணமான பால் பாட்டிலை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. சர்க்கரை போட்ட பாலை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைக்கு முதலில் கறுப்பது மேல் முன்பற்கள். ஒரு வயதானதும் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். டம்ளரில் குடிக்கட்டும், சர்க்கரை வேண்டாம். முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃப்ளோரைடு பேஸ்ட் ஓர் அரிசியளவு எடுத்து, காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள். இரவு தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும் கொடுங்கள்.