தாமே இசைக்கருவி பயில்வோர்க்குச் செவியே ஆசான்

முன்னுரை

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் கலைப்பயிற்சியைக் கூறுமிடத்து, அவள் ஐந்தாம் வயது தொடங்கி ஏழாண்டுகள் பயின்றதாகக் குறிப்பிடுகின்றார். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்தம் தகுதிகளையும் தனித்தனியே விரித்துரைக்கின்றார். இத்தனை ஆசான்மார் சூழக் கற்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வேடசந்தூரிலிருந்தும் வடமதுரையிலிருந்தும் பேருந்தேறித் திண்டுக்கல் வந்து படிக்கும் மாணவர் சிலர், கடையில் வாங்கிய குழலையோ வீட்டிலுள்ள பழைய ஆர்மோனியத்தையோ வைத்துக்கொண்டு தாமே பயில முயல்கின்றனர். அவர்தம் ஆர்வம் சில திங்களில் அவிந்துவிடாதிருக்க வழி காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிழையும் பழகும்

யானும் மாணவப் பருவத்தில் கந்தூரிக் கடையொன்றில் ஆறு துளைக் குழல் ஒன்று வாங்கினேன். முதல் வாரத்திலேயே திரைப்பாடல் வாசிக்க முற்பட்டேன். விரலின் சதைப்பற்றான பகுதியால் மூடவேண்டிய துளையை நுனியால் மூடினேன். காற்றுக் கசிந்தது. அதனை மறைக்க மேலும் பலமாக ஊதினேன். ஓராண்டு சென்றபின் குழல் அறிந்த பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டு, "தம்பி, தவறாக வாசிப்பதற்கே நன்றாகப் பழகியிருக்கிறாய்" என்றார். அப்பழக்கத்தை மறக்கவே எனக்கு நெடுநாள் ஆயிற்று.

கை, சரி தவறு என்று பகுத்தறியாது. எதனைப் பன்முறை செய்கின்றோமோ அதனையே பற்றிக்கொள்ளும். ஆகவே, தாமே பயில்வோர்க்குப் பயிற்சிக் குறைவினும் பிழைப்பயிற்சியே பெருங்கேடாகும்.

பயிலும் முறை

முதலாவது, சுருதி. சுருதிப்பெட்டியையோ கைப்பேசியில் ஒலிக்கும் தம்புராவையோ இயக்கிவிட்டே பயிலத் தொடங்குக. குழலாயின் ஒரு மூச்சுக்கு ஒரு சுரம் என நீட்டி ஊதி, அது சுருதியோடு கலக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது சலிப்பூட்டும், எனினும் அடித்தளம் இதுவே.

இரண்டாவது, காலம். மாயாமாளவகௌளையில் அமைந்த சரளி வரிசைகளை மூன்று காலங்களில் பயில்வது மரபு. முதற்காலம் பழுதற அமையும் முன்னர் இரண்டாங்காலம் செல்லற்க. விரைவு தானே வரும். தெளிவு தானே வருவதில்லை.

மூன்றாவது, பிழை நேர்ந்த இடம். பலரும் தவறியவுடன் தொடக்கத்திற்கே திரும்பிவிடுகின்றனர். அதனால் அறிந்த பகுதியே மீண்டும் மீண்டும் பழக்கப்படுகின்றது. தவறிய மூன்று நான்கு சுரங்களை மட்டும் பிரித்தெடுத்து மெல்ல வாசித்துச் சீர்செய்து, பின்னர் முன்னும் பின்னும் இணைத்திட வேண்டும்.

நான்காவது, ஒழுங்கு. ஞாயிறன்று மூன்று மணிநேரம் முயல்வதினும் நாள்தோறும் அரைமணி நேரம் பயில்வது மேல். வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து மறுநாள் கேட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது விரலில் இருந்த கவனம் அப்போது முழுவதும் செவிக்கு வரும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது போலக் கருவியைக் குறைகூறும் வழக்கமும் அன்றே நீங்கும்.

பெரியோர் காட்டிய நெறி

தமிழிசை ஆய்வின் முன்னோடியாகிய ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) ஆசிரியப் பயிற்சிக்காக இத்திண்டுக்கல்லுக்கு வந்தவர். இங்கே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசை பயின்றார். அவ்விசையறிவே வளர்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலாயிற்று.

ஆந்திர நாட்டுக் கரவடியில் இசுலாமிய நாகசுரக் குடும்பத்தில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்தார். எனினும் கேட்டு மகிழ்ந்ததோடு அமையவில்லை. நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களை நாடித் தஞ்சைப் பாணியைக் கற்றார். 1998இல் சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது.

இருவரும் உணர்த்துவது ஒன்றே. செவி வழிகாட்டும், ஆயினும் அச்செவியையே சோதிக்க அறிந்தார் ஒருவர் தேவை.

முடிவுரை

ஆகவே மாணவச் செல்வங்களே, நாள்தோறும் தனித்துப் பயிலுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள நாகசுரக் கலைஞரிடமோ, தாயிரா இசைக்கும் பக்கீரிடமோ, இசையாசிரியரிடமோ சென்று பணிவோடு வாசித்துக் காட்டுங்கள். அவர் சுட்டும் ஒரு குறை, நாம் தனித்துச் செய்யும் ஓராண்டுப் பிழைப்பயிற்சியைத் தடுத்துவிடும். பெரியோர்களும், பயில்கின்ற பிள்ளைகளின் தொடக்க ஓசையைக் கேட்டு முகம் சுளியாது பொறுத்தருள வேண்டுகின்றேன். இன்றைய ஓசையே நாளைய இசை.