உடம்பு பழகிக்கொள்ளாது: விறகு வேலையில் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரூர்ப் பக்கம் கேஸ் அடுப்பு வந்த வீடுகளிலும் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பு அணைந்துவிடவில்லை. மாட்டுக்குக் கஞ்சி காய்வதும், நெல் அவிவதும், மஞ்சள் வேகுவதும், விசேஷ வீட்டில் அண்டாவில் சோறு பொங்குவதும் விறகில்தான். புளியங்கிளை, வேம்பு, மாந்தோப்பில் கழித்த கட்டை, சீமைக்கருவேலம், காய்ந்த மரவள்ளிக் குச்சி என்று கிடைப்பதெல்லாம் அடுப்புக்குப் போகிறது.

இந்த வேலைக்கான கருவிகளில் பாதி வீட்டிலேயே பிறந்தவை. லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்த ஆப்பு, பழைய குழாய்த் துண்டில் ஊதுகுழல், கிழிந்த சேலையில் சும்மாடு, மூங்கில் நுனியில் அரிவாளைக் கட்டிய தொரட்டி. இவற்றின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இவற்றைச் சுற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகள் பலவும், கருவி செய்ய வேண்டிய வேலையை உடம்பின் மேல் ஏற்றிவிடுகின்றன. அந்த உடம்பு பெரும்பாலும் பெண்ணுடையது.

“தலைச்சுமை பழகிவிட்டால் ஒன்றும் செய்யாது”

இந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. கென்யாவின் கிகுயு, லுவோ இனப் பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1986-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்து நடக்கும்போது அவர்கள் கூடுதலாகச் சக்தி செலவழிக்கவில்லை என்றது அது. சரி, கணக்குப் போடுவோம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு 10 கிலோ. அதற்கு மேல் ஏற ஏறச் செலவும் ஏறுகிறது என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். கரட்டிலிருந்து இறங்கும் ஒரு விறகுக் கட்டு 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும்.

மூச்சு வாங்காததால் எலும்புக்கு நோகவில்லை என்று ஆகிவிடாது. தலைச்சுமையால் கழுத்தெலும்புக்கு நேரும் கேட்டை ‘சுமையாளர் கழுத்து’ என்று பெயரிட்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 1968-ல் கட்டுரை வெளியிட்டது. இன்றைய ஜிம்பாப்வேயில் கண்ட நோயாளிகளைப் பற்றியது அது. சும்மாடு நல்ல பொருள்தான். கட்டையின் முனை உச்சந்தலையில் குத்தாமல் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும். ஆனால் கழுத்தில் இறங்கும் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்காது.

எடையைக் குறைக்க வழி வேறு. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர். வெட்டிய இடத்திலேயே கை நீளத்துக்குத் துண்டு போட்டு, சில வாரம் காயவிட்டு எடுத்து வந்தால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை யாரும் சுமக்க வேண்டாம். சமதரையில் பழைய சைக்கிள் சக்கரம் இரண்டு போதும். இருசாக ஒரு இரும்புத் தண்டு, மேலே நாலு பலகை, பிடித்துத் தள்ள ஒரு கம்பு. இருசு பாரத்தின் நடுவுக்கு நேர்கீழே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். முன்னே பின்னே போனால் மிச்சப் பாரம் கைக்கு வந்துவிடும்.

“காட்டு விறகை வண்டியில் வைத்தால் கேஸ் போட்டுவிடுவார்கள், தலையில் வந்தால் விட்டுவிடுவார்கள்” என்றும் ஒரு பேச்சு உண்டு. சித்தேரி மலையடிவாரத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி அங்குள்ள வாச்சாத்தி கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரை என்ன செய்தார்கள் என்பது நீதிமன்றத்தில் நிரூபணமானது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நினைவு உள்ள மண்ணில் காட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்து வருவதும் லேசான காரியம் அல்ல.

சட்டம் சொல்வது இது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் ‘சிறு வன மகசூல்’ என்பதில் சுள்ளி விறகும் அடிக்கட்டையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சட்டப்படி உரிமை பெற்றவர்கள் அதைத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கைவண்டியிலும் கொண்டுவர 2008 விதிகளே இடம் கொடுத்தன. 2012 திருத்தம் பொருத்தமான எந்த வாகனத்திலும் என்று அதை விரித்தது. பச்சை மரத்தை வெட்டவோ சந்தனத்தைத் தொடவோ இது அனுமதி அல்ல. ஆனால் உரிமை பெற்ற பெண் கழுத்தொடியச் சுமந்தால்தான் சட்டப்படி சரி என்பது தவறு.

“கோடாலி கூராக இருந்தால் எந்தக் கட்டையும் பிளக்கும்”

குறுக்கே வெட்டக் கூர் வேண்டும். நெடுக்கே பிளப்பது வேறு வேலை. அங்கே கூர் முதல் அரை அங்குலத்துக்கு மட்டும்தான், அதற்குப் பிறகு மரத்தை விலக்குவது இரும்பின் பருமன். மெல்லிய கோடாலி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பிறகு அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதிலேயே இடுப்பு போய்விடும். பிளப்பதற்குத் தடித்த கன்னம் உள்ள கோடாலியோ, ஆப்பும் சம்மட்டியுமோ தான் சரி.

புளியங்கட்டையில் இது நன்றாகத் தெரியும். அதன் நார் ஒன்றோடொன்று பின்னி ஓடுவது. கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியைத் தேடுவது அதனால்தான். நடு மையத்தில் எத்தனை முறை ஓங்கிப் போட்டாலும் அது வாய் திறக்காது. ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும், ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தால் அந்த வெடிப்பிலேயே போட வேண்டும். “காயட்டும், அப்புறம் பிளக்கலாம்” என்று போட்டு வைப்பதும் சரியல்ல. புளி போன்ற கெட்டி மரம் காயக் காய இறுகும். பச்சையில் பிளந்தால் உழைப்பும் குறைவு, பிளந்த பரப்பு வழியே ஈரமும் வேகமாக வெளியேறும்.

பலரும் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு பிளப்பதைப் பார்க்கிறோம். கோடாலி ஒரு கணுவில் பட்டு வழுக்கினால் அடுத்து இருப்பது பாதம். பழைய டிவிஎஸ் வண்டி டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் படுக்கவைத்து ஆணி அடித்துவிட்டு, நாலைந்து துண்டை அதற்குள் செருகி நிறுத்திப் பிளந்து பாருங்கள். துண்டு தெறிக்காது, குனிந்து குனிந்து நிறுத்த வேண்டாம், கால் அந்தப் பக்கமே போகாது. காசில்லாமல் கிடைக்கும் இந்த டயரைவிட நல்ல விறகுக் கருவி எனக்குத் தெரியாது.

ஸ்பிரிங் பட்டை ஆப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. “முழுதும் கெட்டியாக இருக்கட்டும்” என்று கொல்லரிடம் கேட்டு வாங்குகிறார்கள். முனை மட்டும் கெட்டியாக இருந்தால் போதும். அடி வாங்கும் தலையையும் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கெட்டிப்படுத்திவிட்டால், சம்மட்டி படும்போது இரும்புச் சில்லு பெயர்ந்து கண்ணுக்குள் பாயும். தலை மென்மையாக இருந்து, அடிபட்டுக் காளான்போல் விரிந்தாலும் அந்த விளிம்பை அரம் போட்டு எடுத்துவிட வேண்டும். கோடாலியின் முதுகைச் சம்மட்டியாக வைத்து அடிப்பதும் வேண்டாம், காம்பு நுழையும் துளை விரிசல் விடும். முற்றிய கருவேலங்கட்டையில் செதுக்கிய மர ஆப்பும் வேலை செய்யும், அதிலிருந்து சில்லு பறக்காது.

“காம்பு ஆடினால் ராத்திரி தண்ணீரில் போட்டு வை”

காலையில் இறுகித்தான் இருக்கும். இரும்பு வளையத்துக்குள் ஊறிய மரம் உப்ப இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. வெயிலில் காய்ந்ததும் முன்பு இருந்த அளவைவிடச் சுருங்கிவிடும். அடுத்த முறை இன்னும் ஆடும். அப்படி ஒரு நாள் ஓங்கும்போது கழன்று பறக்கும் கோடாலி யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. நன்றாகக் காய்ந்த, நரம்பு நேராக ஓடும் கம்பை எடுத்து, அதன் தலையில் துளையின் நீளவாட்டுக்கு வாளால் ஒரு பிளவு போட்டுச் செருகி, அந்தப் பிளவில் காய்ந்த மர ஆப்பை அடித்து இறுக்குவதுதான் வழி.

“தார்ப்பாய் போட்டு மூடினால் விறகு காய்ந்துவிடும்”

நம் பக்கம் ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரை நல்ல மழைக்காலம். அதற்குப் பயந்து விறகைத் தரை வரை தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிவிடுகிறார்கள். மழை உள்ளே போகாது, உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகாது. பாயின் உட்புறம் வேர்த்து அதே விறகில் சொட்டும், பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் மூடி, நாலு பக்கமும் திறந்துவிடுங்கள். அடியில் கல் வைத்துப் பழைய குழாயோ கம்போ குறுக்கே போட்டு, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அடுக்கினால் கரையானும் எளிதில் ஏறாது. சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம்.

தரையில் கிடக்கும் விறகுக் குவியல் எலிக்கு வீடு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, கடித்த இடத்தில் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. விடிகாலையில் இருட்டில் கை விட்டு விறகு உருவுவதை நிறுத்தவே வேண்டும். மூன்றடிக் கம்பின் நுனியில் ஒரு பக்கம் வளைந்த கொக்கி, அல்லது கவை உள்ள கிளை, இது போதும். முதலில் தட்டி, பிறகு கொக்கியால் இழுத்து, வெளியே வந்த கட்டையைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

“ஊதினால்தான் அடுப்பு எரியும், புகை எங்களுக்குப் பழக்கம்”

ஓயாமல் ஊத வேண்டியிருந்தால் அடுப்பு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். விறகு சாம்பலின் மேல் படுத்துக் கிடக்கிறது, அடியில் காற்றுக்கு வழியில்லை. நாம் ஊதும் மூச்சில் பிராணவாயு சுமார் 16 சதவீதம், வெளிக்காற்றில் 21. ஊதுகுழல் அந்த மூச்சைக் கங்கின் மேல் வேகமாகச் செலுத்துவதால் வேலை செய்கிறது. ஊதிவிட்டு, அடுப்பு வாயருகே அப்படியே மூச்சை இழுக்கும்போது அத்தனை புகையும் நெஞ்சுக்குள் போகிறது.

புகை என்பது எரியாமல் தப்பிப் போகும் விறகு. ஈர விறகு அதன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவிடுகிறது, தீயின் வெப்பம் இறங்குகிறது, மரத்திலிருந்து கிளம்பும் வாயு பற்றாமல் புகையாகிறது. புகைக்கு எந்த நுரையீரலும் பழகுவதில்லை. இருமல் வராத அளவுக்கு மரத்துப்போவதைத்தான் பழக்கம் என்கிறோம். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பீடியைத் தொடாத பெண்களுக்கும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருவதற்கு இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம்.

அதற்கும் ஒரு வீட்டுக் கருவி இருக்கிறது. கட்டட வேலையில் மிஞ்சிய 10 மில்லிமீட்டர் கம்பி ஐந்து துண்டு, அடுப்பின் உள் அகலத்துக்கு அறுத்தது. அதே கட்டடத்தில் கிடைக்கும் கட்டுக்கம்பியால் இரண்டு குறுக்குத் துண்டில் விரல் இடைவெளி விட்டுப் பிணைத்து, இரண்டு செங்கல் சில்லின் மேல் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் வையுங்கள். விறகு கம்பியின் மேல், காற்று அடியில். விறகின் நுனி மட்டும் எரியட்டும். எரிய எரிய உள்ளே தள்ளலாம். சாம்பலைத் தினமும் வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று வழி மறுபடி அடைபடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வேண்டாம், தீயில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும். இந்தத் தட்டு வைத்தால் ஊதும் வேலை நன்றாகக் குறையும், புகையும் குறையும், ஆனால் நின்றுவிடாது. அடுப்பு கூரைக்கு வெளியிலோ, புகை போக வழியுள்ள இடத்திலோ இருக்க வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது.

தீ பற்றவைக்கச் சைக்கிள் டியூப் துண்டும் பாலித்தீன் பையும் போடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: போடாதீர்கள். காய்ந்த தென்னம்பாளையும் மரவள்ளிக் குச்சியுமே வேகமாகப் பிடிக்கும்.